நித்திரைக் கணக்கு

நான் கணக்காளன், வைத்தியன் அல்லன். வருமானவரிக் கணக்கோடு வருகிற நம்மவர் சிலர், "ஒரு பெக் அடிச்சால்தான் கண் மூடும்" என்று சொல்வதுண்டு. இன்று அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

நம் நித்திரை ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுக்களாக நடக்கிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வரும். இதை 1953இல் சிக்காகோவில் அசெரின்ஸ்கியும் கிளைற்மனும் எழுதினார்கள். குடிவகை முன்னிரவில் இந்தக் கனவு நித்திரையை அமுக்கி வைக்கிறது. உடம்பில் அது குறைந்ததும், அமுக்கியது பின்சாமத்தில் வட்டியோடு திரும்பி வரும். விழிப்பும் கெட்ட கனவும் கூடும். ஷெல்லடியைக் கண்டவருக்கு அந்தக் கனவு எதுவென்று நான் சொல்லத் தேவையில்லை.

1999இல் வெளியான ஓர் ஆய்வு அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த 196 தமிழரை விசாரித்தது. போரில் பட்டதோடு, இங்கு வந்தபின் படும் நெருக்கடிகளும் மனவடுவைக் கூட்டுகின்றன என்று அது கண்டது.

நித்திரைக் குளிசையையும் குடியையும் ஒருபோதும் சேர்க்க வேண்டாம்; மூச்சே அடங்கிவிடலாம். நாள்பட்டுக் குடிப்பவர்கள் திடீரென நிறுத்தாமல் வைத்தியரிடம் கேளுங்கள். சிட்னியில் 1988 முதல் ஸ்டார்ட்ஸ் நிறுவனமும் மெல்பேர்ணில் 1987 முதல் பவுண்டேசன் ஹவுஸும் அகதிகளாக வந்தவர்களின் மனவடுவுக்கு உதவி வருகின்றன. தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் 131 450 இலக்கத்தை அழையுங்கள்.

வெளியில் சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனால் அப்பா சாமத்தில் விழித்திருப்பது பிள்ளைகளுக்கு முன்பே தெரியும்.