எண்பது தோல்விகள்



வெற்றி பெற்றவர்களைப் பற்றிப் பேசுவது எளிது, கேட்பதும் இனிது. இன்று தோற்றவர்களைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். ஒரு முறை, இரு முறை அன்று. தொடர்ந்து எண்பது ஆட்டங்களில் தோற்ற ஒரு கல்லூரிக் குழுவின் வரலாறு இது.

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகருக்கு வடமேற்கே பிரேரி வியூ என்னும் சிற்றூர் உள்ளது. ஒரு காலத்தில் அடிமைகள் உழைத்த பண்ணை ஒன்று அங்கே இருந்தது. அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களின் பிள்ளைகள் கற்பதற்காக, 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அந்த நிலத்திலேயே ஒரு கல்லூரி எழுந்தது. இன்று அது பல்கலைக்கழகமாய் விளங்குகிறது.

அமெரிக்கர் கால்பந்து என்று அழைக்கும் ஆட்டம் நாம் ஆடும் கால்பந்து அன்று. பந்து முட்டை வடிவானது. அதைக் கையில் ஏந்தி ஓடுவர், தோழனுக்கு எறிவர். பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். பந்துடன் எதிர்ப்பக்கத்து எல்லைக்கோட்டைக் கடந்தால் 6 புள்ளிகள் கிடைக்கும். தடுப்பவர் உடலோடு உடல் மோதியே தடுப்பர். ஆகையால், வலிமை குறைந்த குழு தோற்கும்போது மனம் மட்டும் அன்று, மேனியும் நோகும்.

பிரேரி வியூ என்றும் தோற்ற குழு அன்று. பில்லி நிக்ஸ் என்னும் பயிற்சியாளரின் காலத்தில், 1953, 1954, 1958, 1963, 1964 ஆகிய ஐந்து ஆண்டுகளில், கறுப்பினக் கல்லூரிகளுக்குள் நாட்டின் முதற்குழு என்னும் சிறப்பை அது பெற்றது. ஓடிஸ் டெய்லர், கென் ஹூஸ்டன் போன்ற பெருவீரர்கள் அவரிடம் பயின்றவர்களே.

பின்னர் வீழ்ச்சி வந்தது எவ்வாறு? அக்காலத்தில் தென்மாநிலங்களின் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பின ஆட்டக்காரர்களுக்குக் கதவடைத்திருந்தன. 1966-இல் ஜெர்ரி லிவையாஸ் என்னும் கறுப்பின இளைஞர் டாலஸ் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றின் குழுவில் களம் இறங்கினார். கதவுகள் மெல்லத் திறந்தன. அது நீதி, எவரும் அதனைக் குறை கூறார். ஆயினும், செல்வம் மிக்க கல்லூரிகள் திறமையாளரைத் தம்பால் ஈர்த்துக்கொண்டன. நெடுங்காலம் அவர்களை வளர்த்த சிறு கல்லூரிகளோ வறண்டன. நீதிக்கு உரிய விலையைச் செலுத்தியவர்கள் அநீதி இழைத்தவர்கள் அல்லர் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1989-இல் தோல்வித் தொடர் தொடங்கிற்று. பண முடையால் 1990-இல் குழுவே களம் இறங்கவில்லை. 1991-இல் மீண்டும் ஆடத் தொடங்கியபோது, ஆட்டக்காரர்களுக்கு உதவித்தொகை இல்லை. எதிர்த்து ஆடிய குழுக்களோ உதவித்தொகை கொடுத்து வீரர்களைத் திரட்டியவை. முன்னர் கொலம்பியா பல்கலைக்கழகம் தொடர்ந்து 44 ஆட்டங்களில் தோற்றிருந்தது. அந்த எண்ணையும் பிரேரி வியூ கடந்து சென்றது.

ஆயினும் அரங்கில் ஆரவாரம் ஓயவில்லை. அக்கல்லூரியின் இசை அணி புகழ் வாய்ந்தது. இடைவேளையில் அது முரசும் எக்காளமும் முழங்க அணிவகுத்து வருவதைக் காணவே பலர் வந்தனர்.

இத்தகைய குழுவைக் கலைத்துவிடுதல் அன்றோ அறிவுடைமை என்று நீங்கள் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் உண்டு. போதிய துணையின்றி இளைஞர்களைக் களத்துக்கு அனுப்பிவிட்டு, அவர்களுடைய துணிவைப் புகழ்ந்து தம் குறையை மறைப்பது நிருவாகத்துக்கு அழகன்று. தோல்வியை நான் போற்றவில்லை.

ஆனால் அந்த இளைஞர்களை எண்ணுங்கள். 1991-இல் சேர்ந்து நான்கு பருவங்கள் ஆடியவன் ஒரு வெற்றியையேனும் காணாமல் வெளியேறினான். கூலி இல்லை, புகழ் இல்லை, அடுத்த வாரம் வெல்வோம் என்று நம்பக் காரணமும் இல்லை. இருந்தும் அவன் பயிற்சிக்கு வந்தான். அவன் வராதிருந்தால் எண்பதாம் தோல்வி நேர்ந்திராது; அதற்குப் பின் வந்த வெற்றியும் நேர்ந்திராது.

1998 செப்டம்பர் 26 அன்று, ஓக்லஹோமா நகரில், லாங்ஸ்டன் என்னும் மற்றொரு கறுப்பினக் கல்லூரியைப் பிரேரி வியூ எதிர்த்தது. எதிர்க்குழு பெருங்குழு அன்று, கீழ்ப்பிரிவைச் சேர்ந்ததே. முடிவில் 14-க்கு 12. இரண்டே புள்ளிகள்! தொடர் அறுந்தது. 2009-இல் அக்குழு தன் கூட்டமைப்பின் முதன்மைப் பட்டத்தையும் வென்றது. 1964-க்குப் பின் அதுவே முதல் முறை.

பட்டம் வென்றவர்களின் பெயர்கள் ஏட்டில் உள்ளன. இடையில் எண்பது முறை தோற்றவர்களுக்கும் அந்தப் பட்டத்தில் பங்கு உண்டு என்பதே என் எண்ணம். நம் ஊர்க் கல்லூரி மைதானத்திலும் மாலை வேளையில் தோற்றுவிட்டுத் திரும்பும் பிள்ளைகளைக் காண்கிறோம். “எத்தனை புள்ளி?” என்று கேட்பதற்கு முன், “நாளைக்கும் ஆட வருவாயா?” என்று கேட்போமாக.