ஆம்புலன்ஸ் வந்தது எத்தனை மணிக்கு?



பட்டப்படிப்பு மாணவர்களின் ஆய்வேடு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கடைசி நேர அவசரமும், கெட்டி அட்டை பைண்டிங்கும், பிறகு நூலக அலமாரித் தூசும்தான். ஆம்புலன்ஸில் வந்து இறங்குகிறாரே, அந்த மருத்துவ உதவியாளருக்கான படிப்பில் ஆய்வேடு எதற்கு என்றுகூட சிலர் கேட்பதுண்டு. நோயாளியைத் தூக்குவதற்கும் ஊசி போடுவதற்கும் ஆராய்ச்சி தேவையா?

உலகம் தேவை என்றுதான் சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் 2018 டிசம்பர் முதல் மருத்துவ உதவியாளர்கள், தாதியரைப் போலவே தேசிய அளவில் பதிவு பெற்ற தொழிலர்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் இப்பணிக்கான புதிய பயிற்சிகள் பட்டப்படிப்பு அளவில் இருந்தால்தான் அங்கீகாரம். பட்டம் என்றால் கடைசி ஆண்டில் ஓர் ஆய்வேடும் பெரும்பாலும் கூடவே வரும்.

அது எப்படி உருவாகிறது என்பதற்கு, ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். கோலாலம்பூர் புறநகரில், பிபிஆர் அடுக்குமாடியின் பதினான்காவது மாடியில் வளர்ந்தவள். தோட்டத்து லயத்தைக் காலி செய்து வந்த குடும்பம். ஒருநாள் விடியற்காலையில் தாத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். 999க்கு அழைத்தார்கள். சன்னல் வழியே எட்டிப் பார்த்தால், ஆம்புலன்ஸ் விளக்கு கீழே சுழல்கிறது. ஆனால் ஆள் மேலே வந்தபாடில்லை. வாசலில் இரட்டை வரிசையில் கார்கள். மின்தூக்கிகளில் ஒன்று பழுது. இன்னொன்று எந்த மாடியிலோ நிற்கிறது. தாத்தா பிழைக்கவில்லை. "வண்டி லேட்டா வந்துருச்சு" என்பதுதான் பாட்டி இன்றுவரை சொல்வது.

அவள் ஆய்வேட்டுக்கு எழுதிய முதல் தலைப்பு, 'ஆம்புலன்ஸ் தாமதத்தால் ஏற்படும் மரணங்கள்'. விரிவுரையாளர் சிவப்பு மையால் அதை அடித்துவிட்டார். "இது கேள்வி இல்லம்மா, தீர்ப்பு. விடையைத் தலைப்பிலேயே எழுதிட்டா, அப்புறம் ஆய்வு எதுக்கு?"

வேதனை ஓர் ஆய்வைத் தொடங்கி வைக்கலாம். ஆனால் வேதனையை அளக்க முடியாது, நிமிடத்தைத்தான் அளக்கலாம். அப்படியானால் எந்த நிமிடத்தை?

இங்கேதான் அவள் நூலகத்தில் உட்கார்ந்தது பலன் தந்தது. நார்வே நாட்டில் உட்ஸ்டைன் என்றொரு பழைய மடாலயம் இருக்கிறது. 1990இல் அங்கே கூடிய மருத்துவ வல்லுநர்கள், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோகும் நிகழ்வுகளை எல்லா நாடுகளும் ஒரே விதமாகப் பதிவு செய்ய வழி வகுத்தார்கள். 1991இல் வெளிவந்த அந்த வழிகாட்டி, வண்டி நின்ற நேரத்தையும் குழுவினர் நோயாளியின் பக்கத்தில் வந்து நின்ற நேரத்தையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வந்தது என்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, வண்டி நிற்கும்போதே முடிந்துவிடுகிறது. நோயாளியின் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதயம் நின்ற பிறகு சிபிஆரும் மின்னதிர்ச்சியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும், பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 முதல் 10 விழுக்காடு குறைவதாக மருத்துவ உலகம் சொல்கிறது. அந்தக் கடைசி நான்கைந்து நிமிடத்தைச் சில்லறை என்று தள்ளிவிட முடியுமா?

சிங்கப்பூர் அடுக்குமாடிகளில் ஆம்புலன்ஸ் குழுவினருக்கு ஏற்படும் இந்தத் தாமதத்தைப் பற்றி 2000ஆம் ஆண்டிலேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. கனடாவில் டொராண்டோ வட்டாரத்தில் இதயம் நின்றுபோன 7,842 பேரை ஆராய்ந்து, 2016இல் வெளியான கட்டுரை இன்னும் ஒருபடி மேலே போனது. மூன்றாவது மாடிக்குக் கீழே இருந்தவர்களில் 4.2 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். மூன்றாவது மாடியிலும் அதற்கு மேலும் 2.6 விழுக்காடு. பதினாறாவது மாடிக்கு மேல் 216 பேரில் இருவர். இருபத்தைந்துக்கு மேல் இருந்த 30 பேரில் ஒருவர்கூட இல்லை.

இதைப் படித்த அன்று அவளுக்குத் தூக்கம் வந்திருக்காது. ஆனால் தலைப்பு வந்துவிட்டது. தரைவீடுகளிலும் உயரமான அடுக்குமாடிகளிலும், வண்டி நின்றது முதல் நோயாளியைச் சென்றடையும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது? அவ்வளவுதான் கேள்வி. சின்னதுதான். எட்டு மாதத்தில், ஒரு மாணவியால், செலவில்லாமல் பதில் காணக்கூடியது.

அனுமதி வாங்குவது தனிக் கதை. சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் ஆய்வு செய்ய, தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிய வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். பெயர், அடையாள அட்டை எண், முகவரி எதையும் அவள் தன் கணினியில் ஏற்றக்கூடாது. மாடி எண் மட்டும் போதும்.

பழைய படிவங்களைப் புரட்டியபோதுதான் சிக்கல். 'நோயாளியை அடைந்த நேரம்' என்ற கட்டம் பலவற்றில் காலி. நிரப்பியிருந்தாலும் 8.05, 8.10, 8.15 என்றே முடிகிறது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. உயிரைக் காப்பாற்றப் படியேறி ஓடுகிறவர் கடிகாரமா பார்ப்பார்? திரும்பி வந்து நினைவிலிருந்து எழுதுகிறார். மனித மனம் ஐந்தையும் பத்தையும்தான் தேடிப் போகும். காலிக் கட்டங்களைத் தோராயமாக நிரப்பிவிடலாம் என்ற ஆசை எந்த மாணவருக்கும் வரும். அந்த இடத்தில்தான் ஆய்வேடு வாழ்வதும் சாவதும். அவள் நிரப்பவில்லை. எத்தனை கட்டம் காலி என்று எண்ணி, அதையே ஒரு முடிவாக எழுதினாள்.

பிறகு கையில் ஸ்டாப்வாட்சுடன் வண்டியிலேயே ஏறினாள். அதிலும் ஒரு குறை உண்டு. ஒருவர் அளக்கிறார் என்று தெரிந்தாலே குழுவினர் கொஞ்சம் வேகமாக நடப்பார்கள். அதையும் எழுத வேண்டும். ஒருமுறை குழுவுக்கு ஆள் போதவில்லை. கடிகாரத்தைப் பையில் போட்டுவிட்டு நெஞ்சை அழுத்த உட்கார்ந்தாள். அந்த அழைப்புக்கு அளவு கிடையாது. விரிவுரையாளர் ஏன் என்று கேட்கவில்லை.

கணக்குப் போடும்போது சராசரியை எடுக்காமல் இடைநிலை அளவை எடுத்தாள். மின்தூக்கி அடியோடு நின்றுபோன ஒரே ஓர் அழைப்பு, சராசரியை எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விடும். மேல்மாடிகளுக்குக் கூடுதல் நேரம் ஆகிறது என்பது தெளிவாகவே தெரிந்தது. ஆனால் அதனால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதற்கு டொராண்டோவைப் போல ஆயிரக்கணக்கான பேரின் பதிவு வேண்டும். அவளிடம் இருந்தது சில நூறு. முதல் தலைப்பில் இருந்த 'மரணம்' என்ற சொல் முடிவுரையில் இல்லை. எழுத மிகவும் கஷ்டப்பட்ட பக்கம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

பாட்டி கேட்டார். "அப்போ வண்டி லேட்டா, இல்லையா?"

"வண்டி கீழே வந்த நேரத்தை எழுதி வச்சிருக்காங்க, பாட்டி. நம்ம கதவைத் தட்டின நேரத்தைத்தான் யாரும் எழுதலை."

ஆய்வேட்டின் பரிந்துரையில் இரண்டே விஷயங்கள். ஒன்று, நோயாளியை அடைந்ததும் குழுவினர் ஒரு பொத்தானை அழுத்தினால் நேரம் தானே பதிவாகும்படி செய்வது. இன்னொன்று உங்களுக்கும் எனக்கும் பொதுவானது. 999க்கு அழைக்கும்போது புளோக், மாடி, எந்த மின்தூக்கி ஓடுகிறது என்ற மூன்றையும் சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் சிபிஆர் செய்யட்டும். இன்னொருவர் கீழே ஓடி, பாதுகாவலரிடம் தடுப்புக் கட்டையைத் திறக்கச் சொல்லி, மின்தூக்கியைத் தரைத்தளத்திலேயே பிடித்து வைக்கட்டும். ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அந்த நேரத்தில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.