ஒரு மரப்பாலத்தின் வழக்கு



இங்கிலாந்தில் பிறர் பயிரிட்ட வயலின் நடுவே, உடையவரிடம் அனுமதி கேளாமலே எவரும் நடந்து போகலாம் என்று கேட்டால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். நானும் வியந்தவன்தான். 2017ஆம் ஆண்டில் ஆராய்ச்சிப் பணியின் நிமித்தம் அந்நாட்டின் மத்தியப் பகுதியில் ஒரு சிற்றூரில் குடியேறினேன். சென்ற மறுநாளே அண்டை வீட்டு மூதாட்டியார் ஊரைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனார். கோதுமை முளைவிட்டிருந்த நிலத்துக்குள் அவர் சிறிதும் கூசாமல் இறங்கிவிட்டார். நானோ வேலிப் படியருகே தயங்கி நின்றேன். "வாருங்கள், இதுவும் ராஜபாட்டைதான். அகலம் மட்டுமே குறைவு" என்றார் அவர்.

அவர் வேடிக்கையாகப் பேசவில்லை. அந்நாட்டுச் சட்டத்தின் பார்வையில், லண்டனுக்குச் செல்லும் பெருஞ்சாலையைப் போலவே இந்த ஒற்றையடிப் பாதையும் பொதுவழியே ஆகும். நிலம் ஒருவருடையது, அதன்மீது நடக்கும் உரிமை எல்லோருடையது. குறுக்கே செல்லும் பாதையை உழுது விதைத்த விவசாயி, பதினான்கு நாட்களுக்குள் ஒரு மீட்டர் அகலத்துக்கேனும் அதைச் சமன் செய்து, கண்ணுக்குத் தெரியும்படி குறித்துவிட வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இவ்வாறான பொதுவழிகள் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் நீளமுள்ளவை.

நடப்பவர்களுக்கு இவ்வுரிமைகள் சும்மா கிடைத்துவிடவில்லை. மான்செஸ்டர் நகரத்தார் பழைய பாதைகளைக் காக்க 1826ஆம் ஆண்டிலேயே ஒரு சங்கம் கண்டார்கள். 1932 ஏப்ரல் 24ஆம் தேதியன்று, வேட்டைக்கென்று பெருநிலக்காரர்கள் அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கௌட் மலைமீது சுமார் நானூறு பேர் தடையை மீறி ஏறினார்கள். முன்னின்ற பென்னி ராத்மனுக்கு அப்பொழுது வயது இருபது. அவருடன் சேர்த்து ஐவர் சிறை சென்றனர். பின்னர் 1949ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு கௌண்டி கவுன்சிலும் தன் எல்லைக்குட்பட்ட பாதைகளையெல்லாம் கணக்கெடுத்து வரைபடத்தில் பதிய வேண்டும் என்று விதித்தது. கௌண்டி கவுன்சில் என்பது நம் பழைய ஜில்லா போர்டைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரைபடத்தில் ஏறிய பாதையை இல்லையென்று எவரும் சாதிக்க முடியாது.

ஆனால் இருக்கிறது என்பது வேறு, நடக்க முடிகிறது என்பது வேறு. எங்கள் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே ஒரு சிற்றாறு ஓடியது. அதன்மேலிருந்த மரப்பாலத்தின் பலகைகள் உளுத்துப்போயின. கவுன்சிலார் வந்து இருபுறமும் அடைத்து, "தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது" என்று ஓர் அறிவிப்பு மாட்டினார்கள். ஆறு மாதத்துக்கென்று போட்ட அந்த உத்தரவு, முடியும் தறுவாயில் மந்திரியின் இசைவோடு நீட்டிக்கப்பட்டது; பிறகு மறுபடியும் நீட்டிக்கப்பட்டது. தற்காலிகம் என்ற சொல்லுக்கு இவ்வளவு ஆயுள் உண்டென்பதை நான் அங்கேதான் கற்றேன்.

காரணம் பணம். 2010 முதல் மத்திய அரசாங்கம் ஸ்தல ஸ்தாபனங்களின் மானியத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. முதியோர் பராமரிப்பும் குழந்தைகளின் பாதுகாப்பும் எஞ்சிய நிதியைப் பெரும்பாலும் விழுங்கின. 2018இல் நார்தாம்ப்டன்ஷயர் கவுன்சில், இனிப் புதிய செலவு எதற்கும் வழியில்லை என்று முறைப்படி அறிவிக்கும் நிலைக்கு வந்தது. எங்களுடையது வேறு கௌண்டி. அதன் நிலையும் மெச்சத்தக்கதாக இல்லை. பாதைகளைப் பராமரிப்பது கவுன்சிலின் கடமை என்கிறது சட்டம். அதற்கு எவ்வளவு செலவிட வேண்டும் என்று சொல்வதில்லை. எனவே கத்தரிக்கோல் முதலில் அந்தப் பக்கமே திரும்பியது.

மூதாட்டியாரும், தபால்காரராயிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரும், நானும், இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு சிறு குழு அமைத்தோம். கோஷம் போடவில்லை. நில அளவை இலாகாவின் படத்தில் பச்சைக் கோடுகளாகக் காணும் பாதைகளை ஞாயிறுதோறும் ஒவ்வொன்றாக நடந்து பார்த்தோம். முறிந்த வேலிப் படி, விழுந்த கைகாட்டி, முட்புதர் மூடிய இடம் எல்லாவற்றையும் படம் பிடித்து, இடங்குறித்து எழுதினோம். மழையில் நனைந்த என் குறிப்பேட்டை இன்னும் வைத்திருக்கிறேன். பழுதான பொதுவழியையோ பாலத்தையோ பற்றி எந்தக் குடிமகனும் கவுன்சிலுக்கு அறிவிப்புக் கொடுக்கலாம். அது ஒரு மாதத்துக்குள் பதில் தந்தாக வேண்டும். செப்பனிடும் பொறுப்பை ஒப்புக்கொண்டும் வாளாவிருந்தால் நீதிமன்றத்தை நாடலாம். 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு இது. இதைத் தேடி எடுத்தவர் தபால்காரர்தான். அறிவிப்பையும் அவரே நேரில் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வந்தார். பழைய தொழிற்பழக்கம் போலும்!

வரவு செலவுத் திட்டம் விவாதத்துக்கு வந்த பிப்ரவரிக் கூட்டத்தில், பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் தந்தார்கள். என் பேச்சு முடிந்ததும் அங்கத்தினர் ஒருவர் அமைதியாகக் கேட்டார்: "படுக்கையிலிருக்கும் ஒரு முதியவருக்கு உதவியாளை அனுப்புவதை நிறுத்திவிட்டா உங்கள் பாலத்தைக் கட்டச் சொல்கிறீர்கள்?"

அது அநியாயமான கேள்வி அன்று. எனக்கு விடை தெரியவில்லை. சில மாதங்களுக்குள் அந்நாட்டைவிட்டுப் புறப்படப்போகும் நான், அவ்வூர் மக்களின் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று சொல்வதா? தலைகுனிந்து உட்கார்ந்தேன். அப்பொழுது மூதாட்டியார் எழுந்தார்.

"ஐயா, நீங்கள் சொல்லும் முதியோரில் நானும் ஒருத்தி. அந்தப் பாலத்தைக் கடந்துதான் வைத்தியரிடமும் கடைக்கும் என் கால்களாலேயே போய்வந்தேன். தார்ச்சாலையில் நடப்பவர்க்கு ஓரமில்லை, கார்கள் பறக்கின்றன. ஆகையால் இரண்டு குளிர்காலமாக வீட்டோடு இருக்கிறேன். இன்னும் கொஞ்ச காலம் இப்படியே உட்கார்ந்திருந்தால் என்னைப் பார்த்துக்கொள்ளும் செலவும் உங்கள் கணக்கில் ஏறிவிடும். எது மலிவு என்று பாருங்கள்."

சபையில் சிலர் சிரித்தார்கள். கேட்டவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

பாலத்துக்கு நிதி ஒதுக்கினார்கள். அந்தப் பேச்சினாலா, 56ஆம் பிரிவுக்கு அஞ்சியா என்று எனக்கு நிச்சயமில்லை. ஆயினும் பாதைகளைக் கவனித்த அலுவலர் இருவரில் ஓய்வுபெற்றவரின் இடத்தை நிரப்பவே இல்லை. முட்புதர் வெட்டும் வேலையை எங்களைப் போன்ற தொண்டர்களே ஏற்கலாமே என்றது கவுன்சில். தபால்காரர் முகம் சிவந்தது. "இவ்வாண்டு நாம் வெட்டினால், அடுத்த ஆண்டு இதற்குப் பணமே வேண்டாம் என்பார்கள்" என்றார். "வெட்டாவிட்டால் இவ்வாண்டே வழி போய்விடும்" என்றார் மூதாட்டியார். இருவர் சொன்னதும் உண்மைதான். அரிவாளைக் கையில் எடுத்த ஞாயிறுகளிலும் தபால்காரர் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதத் தவறியதில்லை.

2019 வசந்த காலத்தில், தூறலுக்கிடையே பாலம் திறக்கப்பட்டது. விழா ஏதும் இல்லை. எஞ்சியிருந்த அந்த ஒரே அலுவலர் வந்து தடுப்பை அகற்றினார். "தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது" என்ற பலகையைக் கழற்றித் துடைத்தார். எறிந்துவிடப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவரோ அதைப் பத்திரமாக வண்டியில் வைத்துக்கொண்டு, "அடுத்த பாலத்துக்கு வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.