யார் சொன்னதுன்னு ஒரு வார்த்தை கேளுங்க!

பட்டிமன்றத் தலைப்பு: முகம் தெரியாதவரோடு செல்போனில் நடத்தும் வாதம் – அறிவை வளர்க்கிறதா? நிம்மதியைக் கெடுக்கிறதா?

'அறிவை வளர்க்கிறதே' அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை

நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! தப்பான பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் நல்ல மனசு படைத்த எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) நாகமலை புதுக்கோட்டைப் பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் முறுக்குத் தின்னுக்கிட்டிருக்கிற சின்னத் தங்கங்களே!

நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ. ஒருநாள் ஃபேஸ்புக்கில் ஒருத்தர் என்கிட்ட வாதத்துக்கு வந்தாருங்கய்யா. பேச்சு பட்ஜெட்டைப் பத்தி. நடுவுல 'உங்களுக்கு எந்த ஊரு?'ன்னார். 'நாகமலை புதுக்கோட்டை, மதுரைப் பக்கம்'னேன். 'புதுக்கோட்டை தனி மாவட்டம்மா. சொந்த ஊரு எங்க இருக்குன்னே தெரியல, நீங்கெல்லாம் பட்ஜெட்டைப் பேச வந்துட்டீங்க'ன்னார். (பலத்த சிரிப்பு) நான் கோவிச்சுக்கல. தேனி ரோடு, காமராசர் பல்கலைக்கழகம் போற வழி, பாம்பு மாதிரி நீண்டு படுத்திருக்கிற மலை, எல்லாத்தையும் எடுத்துச் சொன்னேன். 'அப்படியா, இன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்'னு போயிட்டார். நடுவர் அவர்களே, அறிவு வளர்ந்ததா இல்லையா?

நடுவர்: அவருக்கு வளர்ந்துச்சு. உங்களுக்கு?

எனக்குப் பொறுமை வளர்ந்துச்சுங்கய்யா! (கைதட்டல்)

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? 'வீட்டுக்காரர் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கனடாக்காரனோட டெல்லி அரசியலைப் பேசுறார். சாம்பார்ல உப்பு இருக்கான்னு பொண்டாட்டி கேட்டா, ஆதாரம் குடுங்கிறார்'னு சொன்னார். நல்லாச் சிரிச்சோம். ஆனா நான் ஒண்ணு கேக்கிறேன். தூக்கம் கெட்டது வாதத்தாலயா? நேரம் தெரியாத மனுஷனாலயா? சீட்டு விளையாடித் தூக்கம் கெட்டவன் இல்லையா? அளவு தெரியாதது ஆளோட குத்தம். அதுக்கு வாதத்தைக் கூண்டுல ஏத்தாதீங்க.

முகம் தெரியாதவரோடு வாதாடுறது என்னமோ நேத்து வந்த வியாதி மாதிரிப் பேசுறாங்க. நம்ம டீக்கடை பெஞ்சுல என்ன நடந்துச்சு? ஒருத்தர் பேப்பரைச் சத்தமா வாசிப்பார். ஒன்பது பேர் கேப்பாங்க. பஸ்ஸுக்கு நிக்கிற வெளியூர்க்காரரும் வாதத்துல சேர்ந்துக்குவார். அவர் பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. அதனாலதானே சலூன்லயும் டீக்கடையிலயும் 'இங்கே அரசியல் பேசாதீர்கள்'னு போர்டு மாட்டினாங்க? அந்தப் போர்டைப் பாத்துக்கிட்டேதானே அரசியல் பேசினோம்! (சிரிப்பு)

அதுக்கும் முன்னாடி போங்க. பட்டிமண்டபம்ங்கிற சொல்லே மணிமேகலையில இருக்கு. புகார் நகரத்துல இந்திர விழா 28 நாள். பல சமயத்தாரும் மண்டபத்துக்கு வந்து வாதம் பண்ணுங்கன்னு முரசறைஞ்சு கூப்பிடுறாங்க. கூப்பிட்டவங்க ஒரு நிபந்தனையும் போட்டாங்க. ஒத்துவராத ஆளா இருந்தாலும் பகையும் கலகமும் பண்ணாம விலகிப் போயிடுங்க, அவ்வளவுதான். வாதாடாதேன்னு சொல்லல ஐயா. வாதாடு, கலகம் பண்ணாதேன்னு சொன்னாங்க. இதை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி வர்றேன்.

இப்போ சிரிப்பைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம்.

2018ஆம் வருஷம் மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம், போளூர்ப் பக்கம். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குப் போகுது. வழியில நின்ன பிள்ளைகளுக்கு, அறுபது வயசைத் தாண்டின ஒரு அம்மா சாக்லேட் குடுத்தாங்க. நம்ம வீட்டுப் பாட்டி எந்தப் பிள்ளையைப் பாத்தாலும் செய்யிறதுதானே? ஆனா அந்த நேரத்துல, பிள்ளை பிடிக்கிற கூட்டம் வந்திருக்குன்னு வாட்ஸ்அப்ல ஒரு வதந்தி ஊர் ஊராச் சுத்திக்கிட்டிருந்துச்சு. கூட்டம் கூடுச்சு. அடிச்சாங்க. அந்த அம்மா செத்துப்போனாங்க. கூட வந்தவங்களுக்கும் பலத்த காயம்.

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, எதிரணிக்கு ஒரு கேள்வி. அந்த அம்மாவோட உசுரை எடுத்தது வாதமா? வாதம் நடந்திருந்தா அவங்க பொழைச்சிருப்பாங்களே! அந்த வதந்தி எத்தனை கை மாறியிருக்கும்? வழியில ஒரே ஒருத்தர், 'யார் சொன்னது? எந்த ஊர்ல நடந்துச்சு? என்னைக்கு நடந்துச்சு?'ன்னு கேட்டிருந்தா? கேக்கல. வந்தது, பாத்தாங்க, அடுத்த ஆளுக்குத் தள்ளினாங்க. அந்த வருஷம் ஜூலையில வாட்ஸ்அப் கம்பெனி, இந்தியாவுல ஒரு செய்தியை ஒரு தடவைக்கு அஞ்சு பேருக்கோ குழுவுக்கோ மேல அனுப்ப முடியாதுன்னு கட்டுப்பாடு கொண்டுவந்துச்சு. மெஷினுக்குக் கட்டுப்பாடு வந்துச்சு. மனுஷனுக்குக் கட்டுப்பாடு எது? கேள்விதான்! நம்மைக் கெடுத்தது வாதம் இல்லை ஐயா. வாதாடாம நம்புனதுதான் கெடுத்துச்சு. (நீண்ட கைதட்டல்)

இன்னொண்ணு சொல்றேன். 2023 மார்ச். தமிழ்நாட்டுல வடமாநிலத் தொழிலாளிகளை அடிச்சுக் கொல்றாங்கன்னு வீடியோக்கள் பரவுச்சு. பயந்துபோய் ரயில் ஏறினாங்க பாவம், வேலை தேடி வந்த பிள்ளைங்க. அப்போ என்ன நடந்துச்சு? தமிழ்நாடு போலீசும் மறுத்தாங்க. செய்தியைச் சரிபார்க்கிறவங்களும், சாதாரண ஜனங்களும் ஒவ்வொரு வீடியோவா எடுத்து, 'இது வேற எடத்துல, வேற காரணத்துக்காக நடந்த சண்டை'ன்னு முகம் தெரியாத ஆளுங்ககிட்ட மல்லுக்கட்டினாங்க. பாட்னாவுல இருக்கிறவனுக்கும் திருப்பூர்ல இருக்கிறவனுக்கும் என்ன சொந்தம்? ஆனா அந்த வாதம் நெருப்புல தண்ணி ஊத்துச்சு. 2018ல கேக்க ஆளில்லை, உசுரு போச்சு. 2023ல கேட்டாங்க, பொய் அம்பலமாச்சு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

அடுத்து, 'சட்டத்தைப் பத்திப் பேசினா வம்பு, போலீஸ் பிடிச்சுக்கும்'னு எதிரணிச் சகோதரர் பயமுறுத்தினார். அண்ணே, அந்தக் கதையை முழுசாச் சொல்லணும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 66ஏன்னு ஒரு பிரிவு இருந்துச்சு. 'எரிச்சலூட்டுற' செய்தி அனுப்பினாலே குத்தம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்.

நடுவர்: எரிச்சலூட்டினாலேயா? அப்போ எந்த வீட்டுலயும் யாரும் வெளியில இருக்க முடியாதே!

(பலத்த சிரிப்பு) அதேதாங்கய்யா! 2012 நவம்பர்ல, மகாராஷ்டிராவுல பால்கர்ங்கிற ஊர்ல, பால் தாக்கரே மறைவுக்குக் கடையடைச்சதைப் பத்தி ஒரு பொண்ணு ரெண்டு வரி எழுதுச்சு. இன்னொரு பொண்ணு அதுக்கு லைக் போட்டுச்சு. ரெண்டு பேரையும் கைது பண்ணிட்டாங்க! எழுதினதுக்கும் கைது, விரலால தொட்டதுக்கும் கைது. இதைப் பாத்துட்டு ஷ்ரேயா சிங்கால்னு ஒரு இளம்பெண் உச்ச நீதிமன்றம் போனாங்க. 2015 மார்ச் 24ஆம் தேதி அந்தப் பிரிவையே செல்லாதுன்னு நீதிமன்றம் அடிச்சுப் போட்டுச்சு. தீர்ப்புல ஒரு வித்தியாசத்தைத் தெளிவாச் சொன்னாங்க. விவாதம் பண்றது வேற, ஒரு கட்சிக்குப் பரிஞ்சு பேசுறது வேற, கலவரத்துக்குத் தூண்டிவிடுறது வேற. முதல் ரெண்டும் பேச்சுரிமைக்கு உயிர்நாடி. மூணாவது வரும்போதுதான் சட்டம் கை வைக்கலாம். கூத்து என்னன்னா, 2015ல செத்துப்போன அந்தப் பிரிவுலயே அதுக்கப்புறமும் வழக்குப் போட்டுக்கிட்டிருந்தாங்க. 2022ல உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியதாச்சு. சட்டம் செத்தது ஜனங்களுக்குத் தெரிஞ்சாத்தானே 'இது செல்லாது சார்'னு சொல்ல முடியும்? அதை அவங்களுக்கு எடுத்துச் சொல்றது எது? வாதம்!

டெல்லி வரைக்கும் போவானேன்? நம்ம வாடிப்பட்டிக்கு வாங்க. 62 வயசுப் பெரியவர், மகளோட மருமகனோட சிறுமலைக்குச் சுத்திப்பாக்கப் போனார். படம் எடுத்தார். துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலைப் பயணம்னு வேடிக்கையா ஃபேஸ்புக்கில் போட்டார். (சிரிப்பு) நீங்க சிரிக்கிறீங்க. வாடிப்பட்டி போலீஸ் சிரிக்கல! அரசாங்கத்தை எதிர்த்துப் போர் தொடுக்க ஆயுதம் சேர்த்த பிரிவு வரைக்கும் வழக்குல சேர்த்துட்டாங்க. காவலுக்கு அனுப்ப மாஜிஸ்திரேட்டு மறுத்துட்டார். 2021 டிசம்பர்ல நம்ம உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வழக்கையே ரத்து பண்ணுச்சு. கேலிச்சித்திரக்காரங்ககிட்ட விட்டா, சிரிக்கிறதையும் ஒரு அடிப்படைக் கடமையாச் சேர்த்திருப்பாங்கன்னு தீர்ப்புல நகைச்சுவையாவே எழுதினாங்க. பயந்து வாயை மூடியிருந்தா இந்தத் தீர்ப்பு நமக்குக் கிடைச்சிருக்குமா?

சரி, தொழில்நுட்பச் செய்தி நமக்கெதுக்குன்னு கேட்டார் எதிரணிச் சகோதரர். 2015ல தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாங்க டிராய், ஜனங்ககிட்டக் கருத்துக் கேட்டுச்சு. ஒரு சில இணையதளத்துக்கு ஒரு விலை, மத்ததுக்கு வேற விலைன்னு கம்பெனிக்காரங்க வைக்கலாமா கூடாதா? ஒரே ரோட்டுல எங்க கடைக்கு வந்தா இலவசம், அடுத்த கடைக்குப் போனா சுங்கம்ங்கிற மாதிரி! அந்த விஷயத்தை முகம் தெரியாத இளவட்டங்கதான் ஒருத்தருக்கொருத்தர் வாதாடி, புரிய வச்சு, பரப்பினாங்க. பத்து லட்சத்துக்கும் மேல மின்னஞ்சல் போய்க் குவிஞ்சுச்சு. 2016 பிப்ரவரி 8ஆம் தேதி, அப்படிப் பாகுபாடு பண்ணி விலை வைக்கக் கூடாதுன்னு ஆணையம் விதி போட்டுச்சு. உங்க பிள்ளை இன்னைக்குப் பாடம் பாத்தாலும் படம் பாத்தாலும் ஒரே விலைன்னா, அந்த வாதத்துக்கும் அதுல பங்கு இருக்கு. (கைதட்டல்)

தாய்மார்களுக்கு ஒரு விஷயம். ஊருக்குள்ள நம்ம வாயைத் திறந்தா முதல் கேள்வி என்ன? 'நீ யாரு மருமக? எந்தத் தெரு? எத்தனையாவது படிச்சிருக்க?' நாலு ஆம்பளைங்க பேசுற எடத்துல உனக்கென்ன பேச்சுன்னு சொன்ன வீடு உண்டா இல்லையா? முகம் தெரியாதவனுக்கு நம்ம தெருவும் தெரியாது, சாதியும் தெரியாது, மாமியாரையும் தெரியாது. (சிரிப்பு) சொன்ன சொல்லு சரியா தப்பா, அது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். சொல்லை மட்டும் வச்சு நம்மை எடை போட்ட முதல் சபை பல பேருக்கு அதுதான் ஐயா.

ஆனா அசிங்கமாத் திட்டுறாங்களே? உண்மை. பொம்பளை கருத்துச் சொன்னா, கருத்தை விட்டுட்டு அவளைப் பேசுற ஈனப்பிறவிங்க இருக்காங்க. நான் மறைக்கல. ஆனா அது வாதம் இல்லை, வசவு. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான ஒருத்தர், 2018ல பெண் பத்திரிகையாளர்களை இழிவாச் சொன்ன பதிவைப் பகிர்ந்தார். படிக்காமலே அனுப்பிட்டேன்னார். அனுப்பின செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு மாதிரின்னு 2023ல உயர் நீதிமன்றம் சொல்லுச்சு. 2024ல சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாசச் சிறைத் தண்டனை விதிச்சுச்சு. அங்கேயும் பாருங்க, தண்டனை வாதாடினதுக்கு இல்லை. படிக்காமத் தள்ளிவிட்டதுக்கு!

அப்போ எப்படி வாதாடணும்? நம்ம மலையே சொல்லும். பக்கத்துலதானே கீழக்குயில்குடி சமணர் மலை? ஞானசம்பந்தருக்கும் சமணருக்கும் மதுரையில அனல்வாதம், புனல்வாதம் நடந்துச்சு, தோத்தவங்களைக் கழுவேத்தினாங்கன்னு பெரியபுராணம் சொல்லுது. சம்பந்தர் காலம் ஏழாம் நூற்றாண்டு. ஆனா அந்த மலையில செட்டிப்புடவுலயும் பேச்சிப்பள்ளத்துலயும் இருக்கிற சமணச் சிற்பங்களும் வட்டெழுத்தும் 9, 10ஆம் நூற்றாண்டு. அப்படின்னா என்ன? வாதம் முடிஞ்சு 200 வருஷம் கழிச்சும் அவங்க இதே மதுரைப் பக்கத்துல சிலை செதுக்கிக்கிட்டு இருந்திருக்காங்க! இன்னைக்கும் அடிவாரத்துல அய்யனார், மேலே மகாவீரர். வாதத்துல ஜெயிக்கிறது பெரிசில்ல ஐயா. தோத்தவனும் பக்கத்துலயே வாழணும், அதுதான் பெரிசு.

அதனால ஜனங்களே, செல்போனை மூடி வைக்கச் சொல்ற எதிரணியை நம்பாதீங்க. 'யார் சொன்னது? எப்போ? எங்கே?' இந்த மூணையும் மரியாதையாக் கேளுங்க. முகம் தெரியாதவன்கிட்டயும் கேளுங்க, குடும்பக் குழுவுல அனுப்புற சித்தப்பாகிட்டயும் கேளுங்க. (சிரிப்பு) பதில் வந்தா ஏத்துக்கங்க. வசவு வந்தா, மணிமேகலை சொன்ன மாதிரி விலகிப் போயிடுங்க. ராத்திரி பத்து மணியானா நீங்களா எழுந்து படுத்துடுங்க. எதிரணிக்கும் நிம்மதி! (சிரிப்பு, கைதட்டல்)

போளூர்ப் பக்கம் கேக்காம விட்ட அந்த ஒரு கேள்வியை, இனிமே எந்த ஊர்லயும் யாரும் கேக்காம விடக் கூடாது. ஆகவே நடுவர் அவர்களே, முகம் தெரியாதவரோடு நடத்தும் வாதம் அறிவை வளர்க்கிறது, சில நேரம் உயிரையும் காக்கிறது என்ற தீர்ப்பை வழங்குமாறு பணிவோடு கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)