பழைய பதிவேட்டில் பாட்டனாரின் ஊர்



இரண்டு தமிழர்கள் முதன்முறையாகச் சந்தித்தால், பெயருக்கு அடுத்து எழும் கேள்வி "எந்த ஊர்?" என்பதுதான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நான்காவது, ஐந்தாவது தலைமுறையாக வாழும் பல குடும்பங்களில் இதற்குப் பதில் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். "தஞ்சாவூர்ப் பக்கம்", "திருச்சிப் பக்கம்" என்பதற்கு மேல் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் அவர்களுக்குக் கைகொடுக்கும்.

பதிவேடு எழுதும் வழக்கம், 1563ல் நிறைவுற்ற திரிதெந்து பொதுச்சங்கத்தின் ஆணையால் திருச்சபை எங்கும் பரவியது. பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையிலிருந்து மலாயாவுக்கு வந்த பிரெஞ்சுக் குருக்களும் அதே முறையில் லத்தீன் மொழியில் பதிவு செய்தார்கள். தாயோ தந்தையோ தமிழில் சொன்ன ஊர்ப்பெயர் பிரெஞ்சுக்காரரின் காதில் விழுந்து, லத்தீன் வாக்கியத்தில் அமர்ந்தது. இன்று அதை ஆங்கிலம் படித்த பேரப்பிள்ளை வாசிக்கிறார். மூன்று மொழிகளைக் கடந்து வந்த பெயர் உருமாறித் தெரிவதில் வியப்பில்லை.

அந்தப் பெயரைக் கண்ணால் பார்ப்பதைவிட வாயால் உரக்கச் சொல்லிப் பார்ப்பதே முதல் வழி. பிரெஞ்சு முறையில் உகர ஒலியை ஓ, யூ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள். ஆங்கில முறையில் "பௌடௌ" என்று வாசித்தால் திகைப்புத்தான் மிஞ்சும். "புது" என்று வாசித்தால் அது புதுப்பட்டியா, புதுக்குடியா என்று தேடத் தொடங்கலாம். பெயருக்கு முன்னால் வரும் "எக்ஸ்" என்ற லத்தீன் சொல்லுக்கு "இருந்து" என்று பொருள். அது ஊர்ப்பெயரின் பகுதி அல்ல. பெயர் "என்சிஸ்" என்று முடிந்தால் "அந்த ஊரைச் சேர்ந்த" என்று பொருள். அந்த விகுதியை நீக்கிவிட்டுப் படிக்க வேண்டும்.

ஆங்கிலேயர் வழங்கிய வடிவங்களும் பதிவேடுகளில் கலந்து வரும். டாஞ்சூர் என்பது தஞ்சாவூர். டின்னவெல்லி என்பது திருநெல்வேலி. டிராங்குபார் என்பது 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்த தரங்கம்பாடி. தொடக்கத்தில் வரும் "ட்ரி" பெரும்பாலும் "திரு". முடிவில் வரும் "படாம்" பட்டினத்தையும், "ஓர்" ஊரையும் குறிக்கும்.

எழுத்தைப் படித்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பழைய ஆங்கில ஏடுகளில் திருவாரூரைத் "திருவலூர்" என்று எழுதியிருக்கிறார்கள். சென்னைக்கு அருகிலுள்ள திருவள்ளூரும் ஏறக்குறைய அதே எழுத்துகளில் வரும். இரண்டுக்கும் இடையே 250 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. பெயரை மட்டும் நம்பிப் புறப்பட்டால் பயணச் செலவு வீணாகும். அதைவிட மோசம், வேறொருவருடைய குடும்பத்தைத் தம் குடும்பமாக எழுதி வைப்பது. அந்தத் தவற்றைப் பின்னால் வரும் சந்ததியும் உண்மையென்றே நம்பும். ஆகவே, மாவட்டப் பெயரும் தாலுகா பெயரும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

"நெகபடாம்", அதாவது நாகப்பட்டினம் என்று எழுதியிருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. மலாயாவுக்குக் கப்பல் புறப்பட்ட துறைமுகம் அது. உள்நாட்டுக் கிராமத்திலிருந்து நடந்தும் ரயிலேறியும் வந்தவர்கள், கப்பலேறிய இடத்தையே ஊராகச் சொல்லியிருக்கக்கூடும். "மெட்ராஸ்" என்பதும் அப்படியே. அது சென்னை நகரமாகவும் இருக்கலாம், அன்றைய சென்னை மாகாணம் முழுவதுமாகவும் இருக்கலாம்.

மாவட்ட எல்லைகளும் மாறியிருக்கின்றன. பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991ல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தது. 1997ல் திருவாரூர் தனி மாவட்டமானது. 2020ல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை மாவட்டம் பிரிந்தது. பதிவேட்டில் "மாயவரம்" என்று கண்டால், அதுதான் 1982ல் பெயர் மாறிய மயிலாடுதுறை என்று கொள்ளலாம். 1908ஆம் ஆண்டை ஒட்டி வெளிவந்த இம்பீரியல் கெசட்டியர் தொகுதிகளில் அன்றைய மாவட்டம், தாலுகா விவரங்கள் உள்ளன. அவற்றை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

எழுத்து மங்கிப்போய் ஊர்ப்பெயரைப் படிக்கவே முடியாவிட்டால்? ஒரே ஒரு பதிவோடு நின்றுவிடாமல், முன்னும் பின்னும் உள்ள பக்கங்களைப் புரட்ட வேண்டும். கங்காணிகள் தங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும்தான் பெரும்பாலும் ஆள் சேர்த்தார்கள். 1938ல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அந்த முறை நீடித்தது. எனவே ஒரே தோட்டத்தில் இருந்தவர்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். ஞானத்தந்தை, ஞானத்தாய், திருமணச் சாட்சிகள் ஆகியோரின் ஊர் தெளிவாக எழுதப்பட்டிருந்தால், அதுவே வழிகாட்டும்.

ஓரக் குறிப்புகளையும் விட்டுவிடக் கூடாது. 1908 முதல் நடப்புக்கு வந்த திருச்சபை விதிப்படி, திருமணம் நடந்த செய்தியை ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தெரிவித்து, அங்குள்ள பதிவேட்டிலும் குறிக்க வேண்டும். பினாங்கில் நடந்த திருமணம் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பதிவேட்டின் ஓரத்தில் இருக்கலாம். இரு பக்கமும் பொருந்தினால் ஐயம் தீர்ந்தது.

பதிவேட்டைப் பார்க்கப் பங்குத்தந்தையின் அனுமதியை முறையாகக் கேட்க வேண்டும். திருத்தாமல், உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து படியெடுப்பது நல்லது. ஊகத்தைத் தனியே குறித்துக்கொள்ளலாம். பிற சமயக் குடும்பத்தாரும் பழைய பிறப்புப் பத்திரம், கடப்பிதழ், தோட்டத்து ஆவணங்கள் ஆகியவற்றை இதே முறையில் ஆராயலாம்.

எல்லாவற்றுக்கும் முன்பாகச் செய்யவேண்டியது ஒன்று உண்டு. வீட்டில் தொண்ணூறு வயதுப் பாட்டி இருந்தால், படியெடுத்த பெயர்களை அவர் காதருகே மெதுவாகப் படித்துக் காட்டுங்கள். எந்த அகராதியும் தராத பதிலை அவர் தரக்கூடும். பதிவேடு இன்னும் சில காலம் பேழையில் காத்திருக்கும். பாட்டி காத்திருப்பாரா என்பதுதான் கேள்வி.