துருக்கித் தொப்பி

ஆள் பாதி, ஆடை பாதி என்பது பழமொழி. அந்த ஆடையிலும் பெரும்பங்கைத் தலையணி கொண்டுவிடுகிறது. கோயிலிலே ஒருவருக்குப் பரிவட்டம் கட்டுவது ஊர் அவருக்குச் செய்யும் மரியாதை. கண்டிப் பெரகராவில் நிலமேமார் அணிந்து வரும் தொப்பியைக் கண்டதும், அவர்தம் பதவி இன்னதென்று எவரும் சொல்லாமலே விளங்கிவிடுகிறது. தலையில் இருப்பது வெறும் துணியன்று, அது பேசுகிறது.

அவ்வாறாயின், பிறிதொரு நாட்டவரின் தலையணியை, அது பேசும் அரசியலைக் கருதாது, அழகுக்காக மட்டும் ஒருவன் அணியலாமா? பாலஸ்தீனரின் கட்டம் போட்ட தலைத்துணியாகிய கஃபியா உலகெங்கும் உடைக்கடைகளில் விலைப்படும் இக்காலத்தில் இவ்வினா பலமுறை எழுகிறது. ஆயினும் கண்டி மாநகருக்கு இவ்வினா புதியதன்று. வேறொரு தலையணியின் வடிவில், நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அது இங்கே வந்து சென்றிருக்கிறது. அத்தலையணிதான் சிவந்த நிறமும் கருங் குஞ்சமும் உடைய துருக்கித் தொப்பி.

1882 ஆம் ஆண்டு எகிப்து நாட்டில் ஒரு பெரும் போராட்டம் நிகழ்ந்தது. உழவர் குடியிற் பிறந்து படைத்தலைவராக உயர்ந்த அகமது அராபி என்பவர், அந்நியர் ஆதிக்கத்தையும், படையில் துருக்கிய, சர்க்காசிய அதிகாரிகள் பெற்றிருந்த தனிச் சலுகைகளையும் எதிர்த்து எழுந்தார். எகிப்து எகிப்தியர்க்கே என்பது அவ்வியக்கத்தின் முழக்கம். பிரித்தானியப் படை குறுக்கிட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 13 ஆந் தேதி தெல் எல் கெபீர் என்னுமிடத்தில் அராபியின் சேனை தோற்றது. அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. நாடுகடத்தப்பட்டோர் வாழ்தற்கெனக் குறிக்கப்பட்ட இடம் இலங்கை.

1883 ஜனவரியில் அராபி பாஷாவும் அவருடைய தோழர் அறுவரும் கொழும்புத் துறையில் வந்திறங்கினர். இந்நாட்டுச் சோனகர் அவர்களைக் கைதிகளாகக் கருதவில்லை, விருந்தினராகவே வரவேற்றனர். 1892 இல் அராபி கண்டிக்குக் குடிபெயர்ந்து, 1901 இல் மன்னிப்புப் பெற்றுத் தாயகம் திரும்பும்வரை அங்கே வாழ்ந்தார். அவர் வாழ்ந்த ஹல்லொலுவை வீதி இல்லம் இன்று அவர் பெயராலேயே ஒரு நினைவு நிலையமாக விளங்குகிறது. தோழர் எல்லாருக்கும் திரும்பும் பேறு கிட்டவில்லை. சிலர் தாயகத்தைக் காணாமலே இலங்கை மண்ணில் உயிர் நீத்தனர்.

இலங்கைச் சோனகர் அதற்குமுன் வண்ண வேலைப்பாடு கொண்ட உயர்ந்த தொப்பிகளையும் தலைப்பாகைகளையும் அணிந்து வந்தனர். பாஷாக்கள் காற்சட்டையும் மேலங்கியும் தரித்து, சிவப்புத் தொப்பியுடன் வீதியில் நடந்து சென்ற தோற்றம் அவர்களுடைய உள்ளத்தைக் கவர்ந்தது. துருக்கித் தொப்பி இந்நாட்டு முஸ்லிம்களிடையே பரவியதற்கு இத்தோற்றமே பெருங் காரணம் என்பர். முதலில் கற்றோரும் செல்வரும் அணிந்தனர். பின்னர் மணமகனுக்கும் அது உரிய அணியாயிற்று.

இங்கே ஒரு வியப்பு உண்டு. அராபி எதிர்த்தது எகிப்தில் வேரூன்றியிருந்த துருக்கிய மேலாண்மையை. அவரைக் கலகக்காரர் என்று 1882 இல் பிரகடனம் செய்தவரோ துருக்கிச் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது. அந்தச் சுல்தானுடைய பேரரசுக்கு அடையாளமாயிருந்த தொப்பிதான் அராபியின் தலையிலும் இருந்தது! அத்தொப்பியின் முன் வரலாறும் விந்தையானதே. சுல்தான் இரண்டாம் மகுமூது 1829 இல் தம் அலுவலர் தலைப்பாகையை நீக்கி இதனையே அணிய வேண்டுமெனச் சட்டம் செய்தார். அந்நாளில் அது புதுமையின் சின்னம். ஒரு நூற்றாண்டு நிரம்புமுன், 1925 இல், முஸ்தபா கமால் அதே தொப்பியைப் பழைமையின் சின்னமென்று துருக்கியில் தடைசெய்தார். துணியும் நிறமும் மாறவில்லை. பொருள் மட்டும் தலைகீழாயிற்று.

கண்டியிலும் கொழும்பிலும் அதை அணிந்தவர்கள் துருக்கிச் சுல்தானுக்குக் குடிகளாக விரும்பி அணிந்தார்களா? அன்று. அராபியின் படையில் சேரக் கருதி அணிந்தார்களா? அதுவும் அன்று. அழகும் நாகரிகமும் ஒரு காரணம். உலகில் தம்மையொத்த மக்கள் தலைநிமிர்ந்து நிற்கிறார்கள் என்ற பெருமிதம் மற்றொரு காரணம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிரிக்கவொண்ணாதவாறு கலந்திருந்தன.

இந்தக் கலப்பினை நீதிமன்றமே ஆராய வேண்டிய நாள் 1905 இல் வந்தது. முஸ்லிம் வழக்கறிஞராகிய எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் உயர் நீதிமன்றத்தில் தோன்றினார். பிரதம நீதியரசர் சேர் சார்ள்ஸ் லயார்ட் அதனை ஆட்சேபித்தார். தொப்பியைக் கழற்ற வழக்கறிஞர் உடன்படவில்லை. செய்தி நாடெங்கும் பரவிற்று. அவ்வாண்டின் இறுதியில் மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெருங்கூட்டம் கூடி, அத்தொப்பியை அணியும் உரிமையைக் கோரியது. முடிவில் அவ்வுரிமை ஏற்றுக்கொள்ளப்பட்டது.

எகிப்துப் படையின் தலைமைத் தளபதியாக 1892 முதல் 1899 வரை பணியாற்றிய ஆங்கிலேயர் கிச்சனர், அப்படைக்குரிய சிவப்புத் தொப்பியைத் தாமும் அணிந்தவர் என்பது ஈண்டு நினைக்கத் தக்கது. ஆங்கில அதிகாரியின் தலையில் இருந்தால் சீருடை; இலங்கை வழக்கறிஞரின் தலையில் இருந்தால் அவமரியாதை! தொப்பியில் குற்றமில்லை. அணிபவர் யார் என்பதிலேதான் அதிகாரம் குற்றம் கண்டது.

அப்துல் காதர் ஏன் இணங்கவில்லை? அழகுக்காக மட்டும் அணிந்திருந்தால், ஒரு வழக்கின் பொருட்டு அரைமணி நேரம் கழற்றி வைப்பதில் என்ன இழப்பு? ஏன் அணிகிறோம் என்று அவர் அறிந்திருந்தார்; கேட்டபோது விடை சொல்லவும் அவரால் இயன்றது. அந்த அறிவு ஒருநாளில் வந்ததன்று. கண்டியிற் பிறந்த சித்திலெவ்வை 1882 இல் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ என்னும் தமிழ் வார இதழ், எகிப்திலும் துருக்கியிலும் நிகழ்ந்தவற்றைத் தமிழ் படிப்போர்க்கு எடுத்துரைத்து வந்தது. அவர் 1885 இல் வெளியிட்ட தமிழ் நாவலின் தலைவனும் எகிப்தியனே. அராபி பாஷாவின் ஊக்கமும் சித்திலெவ்வையின் உழைப்பும் சேர்ந்த முயற்சியால் 1892 இல் மருதானையில் தோன்றிய பாடசாலையே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. ஆகவே தொப்பி தனியே வரவில்லை. இதழோடும் கல்வியோடும் கைகோத்து வந்தது.

இனிக் கஃபியாவுக்கு வருவோர், அதன் கதையிலும் துருக்கித் தொப்பி குறுக்கிடக் காண்பர். பாலஸ்தீனத்து நகர மாந்தர் முன்பு சிவப்புத் தொப்பியே அணிந்தனர். கஃபியா நாட்டுப்புறத்து உழவருக்கும் நாடோடிகளுக்கும் உரியது. 1936 இல் பிரித்தானிய ஆட்சிக்கெதிராக அங்கே கிளர்ச்சி மூண்டது. தலைத்துணியைக் கொண்டே போராளியை அடையாளங் கண்டு பிடிக்கும் நிலை ஏற்படவே, 1938 இல் கிளர்ச்சித் தலைவர்கள் நகரத்தாரும் தொப்பியை விடுத்துக் கஃபியா அணிய வேண்டுமெனக் கட்டளையிட்டனர். எல்லாரும் அணிந்தால் எவரையும் பிரித்தறிய இயலாதல்லவா? உழவனின் வெயிற்காப்பு ஒரு மக்களின் கொடியானது இவ்வாறுதான். 1960களுக்குப் பின் யாசிர் அரபாத்தின் தலையில் உலகம் அதனைக் கண்டது. பிறகு மேனாட்டு இளைஞர் கழுத்தில் அது நாகரிகத் துண்டாயிற்று. 2024 இல் கனடாவின் ஒன்ராறியோச் சட்டமன்றத்தில், அது அரசியற் சின்னம் என்று கூறி அவைத்தலைவர் தடைசெய்தார். 1905 இன் கொழும்பு நீதிமன்றம் மறுபடியும் கண்முன் தோன்றவில்லையா?

அழகுக்காக அணிபவனை அதட்டுவது எளிது. ஆனால் உலகிலே உடைகள் பரவிய வழி பெரும்பாலும் அதுவே. 1930களில் கண்டியில் துருக்கித் தொப்பியணிந்து மணவறை ஏறிய மாப்பிள்ளை, தெல் எல் கெபீர் எங்கே இருக்கிறதென்று அறியாதவனாக இருந்திருக்கலாம். அதனால் அவன் குற்றவாளியாகான். ஆயின் ஒன்றைக் கருத வேண்டும். வெறும் அழகாகக் கொள்ளப்பட்ட தொப்பி அடுத்த அழகு வந்ததும் பெட்டிக்குள் போயிற்று. இன்று அது பழைய நிழற்படங்களிலேதான் பெரிதும் காணப்படுகிறது. அறிந்து அணிந்தோர் விட்டுச் சென்றவையோ ஒரு கல்லூரியும், ஓர் இதழின் நினைவும், நீதிமன்றத்தில் நிலைநாட்டிய ஓர் உரிமையும்.

இருவேறு தலையணிகளுக்கும் ஒரு பெரும் வேற்றுமையும் உண்டு. அராபியின் போராட்டம் வரலாறாகிவிட்டது. அதில் பட்ட காயங்கள் ஆறிவிட்டன. கஃபியாவுக்குரிய மக்களின் துயரம் ஆறவில்லை. ஆகையால் அதைத் தோளிலிடும் இளைஞனிடம் கேள்வி விரைவில் வரும். வீதியில் எதிர்ப்படும் ஒருவர் அதனைப் பகையாகவோ உறவாகவோ கொள்ளவும் கூடும். அப்போது ‘இது வெறும் துணி’ என்று சொல்வது, அதை அணிந்து மாண்டவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது.

ஹல்லொலுவை வீதியின் அந்த இல்லத்தில் ஒருவர், தாம் இழந்த நாட்டின் அடையாளமாகச் சிவப்புத் தொப்பியை அணிந்திருந்தார். வழியிற் சென்றோர் அதைக் கண்டு அழகென்று எண்ணினர். அவர்களுள் சிலர் நின்று அவர் கதையையும் கேட்டனர். பிறருடைய தலையணியை விரும்புவோர்க்கு வேண்டுவதும் அவ்வளவே: அணிவதற்கு முன் சற்று நின்று, அதற்குரியவரின் கதையைக் கேட்டல்.