காவல்காரனைப் பற்றி ஏன் கேள்வி இல்லை?

(படிப்பகக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மில் வேலையும் வயல் வேலையும் முடித்துக் களைத்து வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் கிரேக்க நாடகம் பற்றிப் பேசப் போகிறோம். 'நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?' என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம்.

அமெரிக்காவில் பல உயர்நிலைப் பள்ளிகளில், ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வகுப்பில் 'ஆன்டிகனி' என்ற நாடகம் பாடம். சோபகிளீஸ் எழுதியது. கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸ் நகரத்துத் திறந்தவெளி அரங்கில் நடந்தது. டட்லி பிட்ஸும் ராபர்ட் பிட்ஸ்ஜெரால்டும் 1939-ல் செய்த மொழிபெயர்ப்பு பள்ளிகளில் வெகுகாலமாகப் புழங்குகிறது. ஆளுக்கொரு வேஷம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லும் வாத்தியார்கள் உண்டு. நல்ல வழக்கந்தான்.

கதை இதுதான். தீப்ஸ் நகரத்துப் பட்டத்துக்காக அண்ணன் தம்பி இருவர் மோதி, இருவருமே மாண்டார்கள். பட்டத்துக்கு வந்த தாய்மாமன் கிரியான், ஊர்மீது படை கொண்டு வந்த மருமகனின் பிணத்தை நாயும் கழுகும் தின்னட்டும், புதைப்பவருக்கு மரண தண்டனை என்று உத்தரவு போட்டான். உடன்பிறந்தவள் ஆன்டிகனி போய் மண்ணைத் தூவினாள். பிடிபட்டாள். மறுக்கவில்லை. உயிரோடு குகையில் அடைத்தார்கள். பிறகு மாமன் மனம் மாறி ஓடினான். ஆனால் முதலில் பிணத்தைப் புதைத்துவிட்டு, அப்புறந்தான் குகைக்குப் போனான். அதற்குள் அவள் தூக்கில் தொங்கிவிட்டாள். அவளை மணக்க இருந்த அவன் மகனும், சேதி கேட்ட அவன் மனைவியும் குத்திக்கொண்டு செத்தார்கள்.

பரீட்சையில் என்ன கேட்கிறார்கள்? 'துன்ப நாயகன் யார்? அவர் குணத்தில் உள்ள குறை எது?' பிள்ளை 'அகம்பாவம்' என்று எழுதினால் மார்க்கு. அரிஸ்டாட்டில் சொன்னது என்பார்கள். அவர் நூலோ நாடகத்துக்கு ஏறக்குறைய நூறு வருஷம் பிந்தியது. அவர் போட்ட சொல்லுக்குத் தவறு, குறி தப்புதல் என்றே பொருள். குணக்கேடு என்பது பிற்காலத்தார் வைத்த பொருள்.

குணம் மட்டுந்தானா விஷயம்? உத்தரவு போடுமுன் ஊரைக் கேட்டானா? அவன் மகன் ஹீமான் அதைத்தான் பேசுகிறான். உன் முகத்துக்கு நேரே சொல்லப் பயந்து ஊர் இருட்டில் முணுமுணுக்கிறது என்கிறான். ஊர் ஒருவனுக்குச் சொந்தமா என்று தகப்பனும் மகனும் வாக்குவாதம் செய்கிறார்கள். (ஏதென்ஸ் ஜனநாயகமும் முழுசானதல்ல. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் ஓட்டு இல்லை. ஆன்டிகனி வேஷத்தையே முகமூடி மாட்டிய ஆண்தான் போட்டான்.)

இப்போது காவல்காரனுக்கு வருவோம். அவனுக்குப் பெயரே கிடையாது. பிணத்தின்மேல் மண் விழுந்ததைக் கண்டதும் காவலர்கள் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டார்கள். ராஜாவிடம் யார் போய்ச் சொல்வது? சீட்டுக் குலுக்கினார்கள், இவன் தலையில் விழுந்தது. போவோமா, திரும்புவோமா என்று வழியெல்லாம் தனக்குள் வாதாடிக்கொண்டு வருகிறான். வந்ததும் முதல் பேச்சு, தான் செய்யவில்லை, செய்தவரைப் பார்க்கவும் இல்லை என்பது. கிரியானோ, லஞ்சம் வாங்கிவிட்டீர்கள், ஆளைப் பிடிக்காவிட்டால் உயிரோடு தொங்கவிடுவேன் என்கிறான். அறுந்த நூலுக்காக மேஸ்திரி முன் கைகட்டி நின்ற தோழர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை!

வகுப்பில் இந்த இடத்தில் சிரிப்பு வரும். வரத்தான் செய்யும். ஆனால் ஆன்டிகனியைப் பிடித்துக் கொண்டுவரும்போது அவன் பேசுவதைக் கவனியுங்கள். தான் தப்பியது சந்தோஷம். வேண்டியவர்களை ஆபத்தில் தள்ளுவது வேதனை. என்றாலும் தன் உயிர்தான் தனக்குப் பெரிசு. உத்தரவு ராஜாவுடையது, பிடித்த கை இவனுடையது. அவளைப் பிடிக்கும்படி இவனை வைத்த பயம் எது? கேட்க வேண்டிய கேள்வி இது. குணக்குறையைத் தேடும் பரீட்சையில் இதற்கு இடமில்லை.

பரீட்சை இல்லாமலும் இந்த நாடகத்தைப் படித்தவர்கள் உண்டு. 1964 முதல் 1982 வரை ராபன் தீவுச் சிறையில் அடைபட்டு, சுண்ணாம்புக் குவாரியில் வேலை செய்த நெல்சன் மண்டேலாவும் தோழர்களும் இதைச் சிறைக்குள் நடித்தார்கள். மண்டேலாவுக்கு வந்தது கிரியான் வேஷம்! 1994-ல் வெளிவந்த சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

அடுத்த கூட்டத்தில், காவல்காரன் வரும் இரண்டு இடங்களையும் தமிழில் சொல்லி, வேஷம் பிரித்து வாசிக்கப் போகிறோம். காவல்காரனாக வாசிக்க யார் வருகிறீர்கள்?